ஐந்தில் ஒன்று எங்கே போகிறது?

கேள்வி: ஐயா, நான் விசுவமடுவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். கணவர் லண்டனில். வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு, 2024 ஜூன் முதல், புதிதாகக் கட்டி முடிக்கும் மாடிவீடுகளைத் துப்புரவாக்கும் வேலை செய்கிறார். ஒரு கட்டட கொம்பனிக்கு சப் கொன்ராக்ட் என்கிறார். மாதம் 2,400 பவுண் வேலை என்று சொல்லுவார், ஆனால் கைக்கு வருவது 1,920 தான். முதல் மூன்று மாதம் இன்னும் மோசம், 30 வீதம் பிடித்தார்கள். கொம்பனி தருகிற சீட்டுகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், நான் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பட்டியலையும் சீட்டுப் படங்களையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இங்கே ஒருவர், "அது கொம்பனி அடிக்கிற காசு" என்கிறார். இன்னொருவர், "உங்கட மனுசன் உங்களுக்குக் கணக்கு மறைக்கிறார்" என்கிறார். அங்கே ஓர் ஆள் அந்தக் காசை எடுத்துத் தருவாராம், பாதி தனக்கு வேண்டுமாம். இப்போது 100 பவுண் குற்றம் என்று ஒரு கடிதமும் வந்திருக்கிறது. படிக்கப் போன என் அண்ணாவின் மகனையும் இவர் சில நாட்களில் வேலைக்குக் கூட்டிப்போய்க் கையில் காசு கொடுக்கிறார். இதெல்லாம் சரியா?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த இரண்டாவது ஆளின் கதையை முடித்துவிடுகிறேன். உங்கள் கணவர் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலில் 2,400 பவுணுக்கு எதிரே 480 பவுண் பிடித்ததாக இருக்கிறது. அது சரியாக 20 வீதம். அதற்கு முந்திய மூன்று மாதமும் 720 பவுண் வீதம், 30 வீதம். இந்த இரண்டு வீதமும் பிரித்தானியச் சட்டத்தில் உள்ளவை. மனுசிக்குத் தெரியாமல் காசு ஒதுக்குகிறவர் இவ்வளவு சுத்தமாக ஒதுக்கமாட்டார், அதற்குச் சீட்டு எடுத்து அனுப்பவும் மாட்டார்.

கொம்பனி அடிக்கிற காசா என்றால், அதுவும் இல்லை. அந்தக் காசு எச்.எம்.ஆர்.சி. என்கிற வரித் திணைக்களத்துக்குப் போகிறது, உங்கள் கணவரின் பெயரிலேயே. நான் லண்டனில் கணக்காளராக இருந்த காலத்தில் அரைவாசி வாடிக்கையாளர்களுக்கு இதைத்தான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கிளிநொச்சிக்குத் திரும்பி வந்த பிறகும் அதே கேள்விதான் வருகிறது, வேலை செய்கிறவரிடமிருந்து இல்லாமல் வீட்டிலிருந்து.

காலபோகம் வெட்டி நெல்லை யாவாரியிடம் கொடுக்கும்போது மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிவு பிடிப்பார்களே, சாக்குக்கு, ஈரத்துக்கு என்று. அந்தக் கழிவு போனது போனதுதான். பலர் லண்டன் கழிவையும் அந்த மாதிரி நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இது வேறு. உங்கள் நிலையான வைப்பின் வட்டியில் வங்கி வரி பிடிக்கிறதே, இது அதற்குத்தான் கிட்ட. முற்பணமாகப் பிடிக்கிறார்கள், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து, வரி குறைவென்றால் மிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் கேட்டால்தான் தருவார்கள். கேட்பதற்கான வழி, வருமான வரி விபரத்திரட்டை நிரப்பி அனுப்புவது. உங்கள் கணவர் இன்னும் அதைச் செய்யவில்லை. அந்த 100 பவுண் கடிதம் அதனால்தான் வந்தது.

இந்த முறைக்கு சி.ஐ.எஸ். என்று பெயர், கட்டடத் தொழிலுக்கு மட்டுமான திட்டம். கடைக்காரனுக்கு இல்லை, டாக்ஸி ஓட்டுநருக்கு இல்லை, கட்டடத்துக்கு மட்டும் ஏன்? 1960களில் அங்கே சைட் சைட்டாகக் கைக்காசு வாங்கிக்கொண்டு, வரி கட்டாமல் அடுத்த ஊருக்கு மாறிப்போகிற வேலையாட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆளைத் தேடிப்பிடிக்க முடியாத அரசாங்கம், காசு கொடுக்கிறவனையே பிடித்து வைக்கச் சொல்லி 1970களின் தொடக்கத்தில் சட்டம் கொண்டுவந்தது. 1999இல் அது சி.ஐ.எஸ். என்று பெயர் மாறியது, 2007இல் இன்றைய வடிவுக்கு வந்தது. அதற்கு முன் ஆளுக்கொரு கார்ட் இருந்தது. லண்டனில் பழைய ஆட்கள் இன்றைக்கும் "சி.ஐ.எஸ். கார்ட் எடுத்திட்டியா" என்றுதான் கேட்பார்கள். இப்போது கார்ட் எதுவும் இல்லை, பதிவு மட்டும்தான்.

துப்புரவு வேலை எப்படிக் கட்டட வேலை ஆகும் என்று நீங்கள் யோசிக்கலாம். அங்கேயே பலருக்கு வருகிற சந்தேகம் அது. ஒரு கட்டடத்தைக் கட்டும்போதோ, மாற்றியமைக்கும்போதோ, திருத்தும்போதோ அதன் உட்புறத்தைத் துப்புரவாக்குவதும் இந்தத் திட்டத்துக்குள் வரும் என்று சட்டமே சொல்கிறது. சீமெந்துத் தூசி, பெயின்ட் தெறிப்பு, கண்ணாடியில் ஒட்டின ஸ்டிக்கர் எல்லாம் எடுத்து வீட்டைச் சாவி கொடுக்கிற நிலைக்குக் கொண்டுவருவதை அங்கே பில்டர்ஸ் கிளீன் என்பார்கள். உங்கள் கணவர் செய்வது அதுதான். ஆக, பிடிப்பது நியாயம். ஆனால் ஆட்கள் குடிவந்து நடமாடுகிற ஒரு கந்தோரை இரவில் கூட்டித் துடைப்பது கட்டட வேலை இல்லை, அதற்கு சி.ஐ.எஸ். பிடிக்கக்கூடாது. சைட்டில் கன்ரீன் நடத்துகிறவருக்கும் பிடிக்கக்கூடாது. அதேநேரம், ஒரே ஒப்பந்தத்துக்குள் கட்டட வேலையும் மற்ற வேலையும் கலந்திருந்தால் முழுத் தொகையிலும் பிடிப்பார்கள். அவர் வேறு இடத்தில் பகுதிநேரமாகக் கந்தோர் கிளீனிங்கும் செய்தால், அந்தச் சீட்டைத் தனியாகப் பாருங்கள்.

30 வீதம் வந்ததற்குக் காரணம், தொடங்கும்போது அவர் சி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்திருக்கவில்லை. பதிவு இல்லாதவருக்கு 30, பதிவு செய்தவருக்கு 20. வீதம் செப்டெம்பரில் 20க்கு இறங்கியிருக்கிறது என்றால் பதிவு முடிந்துவிட்டது, யூ.ரி.ஆர். என்கிற பத்து இலக்க வரி எண்ணும் அவரிடம் இருக்கிறது. கூடப் பிடித்த அந்தப் பத்து வீதமும் அவர் கணக்கில்தான் கிடக்கிறது, வீணாகப் போகவில்லை. (ஒன்றுமே பிடிக்காமல் முழுக்காசையும் தருகிற நிலையும் உண்டு. அதற்கு ஆண்டுக்குக் குறைந்தது 30,000 பவுணுக்கு வேலை காட்டி, வரி விடயங்களில் ஒழுங்காக இருந்ததையும் காட்டவேண்டும். இப்போதைக்கு அதை விடுங்கள்.)

சரி, காசுக்கு வருவோம். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். உங்கள் பட்டியல்படி 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை பத்து மாதம், 24,000 பவுண். பிடித்தது 30 வீதத்தில் 2,160, 20 வீதத்தில் 3,360, மொத்தம் 5,520 பவுண்.

இனி அவர் உண்மையில் எவ்வளவு கட்டவேண்டும் என்று பார்ப்போம். வேலைக்கான செலவு 3,400 பவுண் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இலாபம் 20,600. இதில் முதல் 12,570 பவுணுக்கு வரி இல்லை. மிச்சம் 8,030. அதற்கு 20 வீத வருமான வரி 1,606 பவுண். அதே 8,030க்குச் சுயதொழில் செய்கிறவர் கட்டும் தேசிய காப்புறுதி (வரியோடு சேர்த்து அரசாங்கத்துக்குக் கட்டுகிற பங்களிப்பு) 6 வீதம், அது 481 பவுண் 80 பென்ஸ். இரண்டும் சேர்ந்து 2,087.80. பிடித்ததோ 5,520. ஆகவே அவருக்குத் திரும்ப வரவேண்டியது 3,432 பவுண் 20 பென்ஸ். நம்முடைய ரூபாயில் பதின்மூன்று, பதினான்கு இலட்சம். அதில் பாதியைத்தான் அந்த ஆள் கேட்கிறார்.

அந்த 3,400 பவுண் செலவு என் ஊகம்தான். அதை உண்மையாக்கவேண்டியது பற்றுச்சீட்டுகள். சீட்டே இல்லாதவருக்கும் 1,000 பவுண் வரை சும்மா கழிக்க வழி உண்டு, ஆனால் அதை எடுத்தால் உண்மைச் செலவைக் கழிக்கமுடியாது. அப்படிப் பார்த்தால் திரும்ப வருவது 2,808 பவுணாகக் குறையும். வித்தியாசம் 624 பவுண். ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கும் கசங்கிய துண்டுகளின் பெறுமதி அது.

எதைக் கழிக்கலாம்? துடைப்பம், மொப், கரைசல்கள், வக்யூம், ஸ்டிக்கர் சுரண்டும் பிளேட், கையுறை, பாதுகாப்புச் சப்பாத்து, மஞ்சள் சட்டை, பொறுப்புக் காப்புறுதி (வேலையில் மற்றவருக்குச் சேதம் வந்தால் ஈடுகட்டுவது), போன் பில்லில் வேலைக்கான பங்கு, கணக்காளருக்குக் கொடுப்பது. பயணச் செலவும் முக்கியம். சாதாரணமாக வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் செலவைக் கழிக்க விடமாட்டார்கள். ஆனால் இன்றைக்கு ஒரு சைட், அடுத்த மாதம் வேறு சைட் என்று மாறுகிறவருக்கு நிலைமை வேறு. 1971இல் ஹோர்ட்டன் எதிர் யங் என்ற வழக்கில், வீட்டைத் தளமாக வைத்துச் சைட் சைட்டாகப் போன ஒரு மேசனுக்குப் பயணச் செலவைக் கழிக்க நீதிமன்றம் அனுமதித்தது. கிளீனிங்குக்கும் அந்த நியாயம் பொருந்தும். ஒரே சைட்டில் வருடக்கணக்காக நின்றால் பொருந்தாது. அவர் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் என்றால் வங்கி அட்டையில் கழிந்த கணக்கே போதும். கார் வாங்கினால் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று கழிக்கலாம், அதற்குப் போன தேதியும் இடமும் எழுதியிருக்கவேண்டும்.

கழிக்கமுடியாதவையும் உண்டு. மத்தியானச் சாப்பாடு இல்லை. ஜீன்ஸ், ஜக்கெட் இல்லை, வேலைக்கு மட்டும்தான் போடுகிறேன் என்று சொன்னாலும் இல்லை. எல்லாரும் என்னிடம் கேட்கிற ஒன்று: ஊருக்கு அனுப்பும் காசு. அதுவும் இல்லை. குடும்பத்துக்காகத்தான் அந்த மனிதர் அங்கே நிற்கிறார், ஆனால் வரிச் சட்டத்துக்கு அது தொழிற்செலவு ஆகாது.

இன்னொன்றையும் சீட்டுகளில் பாருங்கள். கரைசலும் சாமானும் அவர் தன் காசில் வாங்கிக் கொம்பனிக்கு பில் போடுகிறாரா? போட்டால் அந்தத் தொகையில் வரி பிடிக்கக்கூடாது, கூலியில் மட்டும்தான் பிடிக்கவேண்டும். கூலி 1,000, சாமான் 120 என்றால் பிடிக்கவேண்டியது 200 பவுண், கைக்கு 920. மொத்தத்தையும் கூலியாக எடுத்து 224 பிடிக்கிற கொம்பனிகளும் இருக்கின்றன. பெரும்பாலும் களவு இல்லை, பில்லைப் பிரித்து எழுதாததன் வினை. கூலி ஒரு வரியிலும் சாமான் இன்னொரு வரியிலும் வரும்படி பில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பாதி கேட்கிற ஆளிடம் போகவேண்டாம். இது என் அபிப்பிராயம், ஆனால் உறுதியான அபிப்பிராயம். இவ்வளவு சின்னக் கணக்குக்கு நேர்மையான கணக்காளர் ஒரு குறிப்பிட்ட கட்டணம் சொல்லுவார், பங்கு கேட்கமாட்டார். பங்கு கேட்கிறவருக்குத் தொகையைப் பெருப்பிக்க ஆசை வரும். இல்லாத செலவை எழுதுவார். காசும் வரும். பிறகு எச்.எம்.ஆர்.சி. சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கும்போது அந்த ஆளின் போன் வேலை செய்யாது, கடிதம் உங்கள் கணவருக்குத்தான் வரும், ஏனென்றால் விபரத்திரட்டு அவருடைய பெயரில் போனது. யாரிடம் கொடுத்தாலும் அனுப்புவதற்கு முன் ஒரு பிரதியை வாங்கிப் பார்க்கவேண்டும், திரும்பும் காசு அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தால் இணையத்தில் அவரே நிரப்பலாம். சி.ஐ.எஸ். கழிவை எழுத அதில் தனிக் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, வரி கட்டச் சொல்லுகிறார்களே என்று அழுதுகொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

குற்றக் கடிதம் பற்றி. 2025 ஏப்ரல் 5இல் முடிந்த ஆண்டின் விபரத்திரட்டு 2026 ஜனவரி 31க்குள் போயிருக்கவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் 100 பவுண், அரசாங்கம்தான் உங்களுக்குக் காசு தரவேண்டியிருந்தாலும் 100 பவுண். இதோடு நின்றால் பரவாயில்லை. ஏப்ரல் முடிந்தும் போடவில்லையென்றால் மே 1இலிருந்து நாளுக்கு 10 பவுண் வீதம், 90 நாள் வரை ஏறும். 900 பவுண். ஆறு மாதம் கடந்தால் இன்னும் 300. திரும்பி வரவேண்டிய காசை இப்படித் தின்னக் கொடுக்கவேண்டாம். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் வேலையை முடித்துவிடச் சொல்லுங்கள்.

இனி, உங்கள் அண்ணாவின் மகன். இதைத்தான் நீங்கள் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் பெரிய கவலை.

மாணவர் விசாவில் போனவர் அங்கே சுயதொழில் செய்யக்கூடாது. ஒரு நாளும் கூடாது. படிப்புக் காலத்தில் கிழமைக்கு இத்தனை மணித்தியாலம் என்ற கட்டுப்பாட்டுக்குள் எங்காவது ஊழியராக, சம்பளச் சீட்டோடு வேலை செய்யலாம். சைட்டில் கையில் காசு வாங்குவது அந்தப் பிள்ளையின் விசாவையே விழுத்தக்கூடியது. காணி விற்று அனுப்பின பிள்ளையாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

உங்கள் கணவருக்கும் ஆபத்து இருக்கிறது. கட்டட வேலையின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் கொடுத்துக் காசு கொடுத்த உடனேயே அவர் சப் கொன்ராக்ரர் மட்டும் இல்லை, கொன்ராக்ரரும் ஆகிவிடுகிறார். அப்படியானால் அவர் கொன்ராக்ரராகப் பதிந்து, காசு கொடுக்க முன் ஒவ்வொருவருடைய எண்ணையும் எச்.எம்.ஆர்.சி.யிடம் சரிபார்த்து, 20 அல்லது 30 வீதம் பிடித்து, சீட்டுக் கொடுத்து, ஒவ்வொரு மாதமும் 19ஆம் திகதிக்குள் கணக்கு அனுப்பவேண்டும். பிந்தின ஒவ்வொரு மாதக் கணக்குக்கும் 100 பவுணிலிருந்து குற்றம். பிடிக்காமல் விட்ட வரியை அவரிடமே கேட்கவும் முடியும். அவர் சொல்லுகிறபடி, அவர் சொல்லுகிற நேரத்துக்கு வந்து வேலை செய்கிற ஆள் என்றால், அது சப் கொன்ராக்டே இல்லை, வேலைக்கு ஆள் வைத்தது என்றும் பார்ப்பார்கள். உதவி செய்யப்போய் வந்த வினை. பொடியனுக்கு உதவ வேண்டுமென்றால் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கட்டும், வேலைக்குக் கூட்டிப்போகவேண்டாம்.

இதே கேள்வியை உங்கள் கணவர் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கொம்பனி சொல்லி, சாமானும் இயந்திரமும் கொம்பனியே கொடுத்து, தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பவும் முடியாதென்றால், அவர் உண்மையில் அந்தக் கொம்பனியின் ஊழியராக இருக்கலாம். சி.ஐ.எஸ். பிடிக்கிறார்கள் என்பதற்காக ஒருவர் சுயதொழிலாளர் ஆகிவிடமாட்டார். ஊழியர் என்றால் சம்பளத்தோடு வருடத்துக்கு 5.6 கிழமை லீவு உண்டு, குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. ஆனால் விபரத்திரட்டைப் போட்டுக் காசை எடுப்பதற்கு முன் இந்தச் சண்டையைத் தொடங்கவேண்டாம் என்பேன்.

இலங்கைப் பக்கம் உங்களுக்கு ஏதும் வரி வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கணவர் குடும்பச் செலவுக்கு அனுப்புவது உங்கள் வருமானம் இல்லை. அதை வைப்பில் போட்டால் வரும் வட்டிதான் வருமானம். 2025 ஏப்ரல் முதல் வங்கி அதில் 10 வீதம் பிடிக்கிறது. உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டால், வரி இலக்கம் எடுத்து, வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்துப் பிடிக்காமல் செய்யலாம்.

கடைசியாக உங்கள் கொப்பி. லண்டனில் நான் பார்த்த ஆட்களில் பாதிப்பேரின் சீட்டுகள் காற்சட்டைப் பையோடு வோஷிங் மெஷினுக்குள் போயிருக்கும். நீங்கள் விசுவமடுவில் இருந்துகொண்டு மாதவாரியாக எழுதி வைத்திருக்கிறீர்கள். இதை விடவேண்டாம். செலவுக்கும் ஒரு பக்கம் தொடங்குங்கள்: அவர் ஏதாவது வாங்கின உடனே பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பட்டும், நீங்கள் தேதி, சாமான், தொகை எழுதுங்கள். படங்களை போனில் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் சேமியுங்கள். விபரத்திரட்டுக்குரிய ஜனவரி 31இலிருந்து ஐந்து வருடத்துக்கு இவை இருக்கவேண்டும்.

உங்கள் பட்டியலில் ஒக்டோபர் மாதத்துக்குத் தொகை எழுதியிருக்கிறீர்கள், சீட்டுப் படம் இல்லை. ஒவ்வொரு வரி மாதமும் 5ஆம் திகதி முடியும், அடுத்த 14 நாளுக்குள் கொம்பனி சீட்டுத் தரவேண்டும் என்பது சட்டம். அவர் தொலைத்துவிட்டாரா, அவர்கள் தரவேயில்லையா என்று கேளுங்கள். தரவில்லையென்றால் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் அந்த மாதத்து பில்லும், 1,920 பவுண் வந்து விழுந்த வங்கிக் கூற்றும் போதுமான சாட்சி. அந்த இரண்டையும் இந்த ஞாயிறு அவர் கதைக்கும்போதே அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள்.